நாலு நாள் இருந்தவனின் பிறப்புச் சான்றிதழ்

என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று என் வீட்டுக்காரர் போனில் தேடினார். மகளுக்குப் பதிவு இருந்தது. மகனுக்கு இல்லை. அன்று எங்கள் ரெட்டைப் பிள்ளைகள் பிறந்து 23 நாள். மகன் போய் 19 நாள்.

பிரசவத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். 29ஆவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. குழந்தைகளின் நுரையீரலுக்காக 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாலு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். இரண்டு போடுவதற்குள் சிசேரியன். மகள் 1 கிலோ 150 கிராம், மகன் 980 கிராம். அந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கான வென்டிலேட்டர் கிடையாது. இரண்டு பேரையும் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் தையலோடு அங்கேயே படுக்க வைத்தார்கள். வயிற்றில் ரெட்டை என்று தெரிந்தால், என்.ஐ.சி.யூ. இருக்கிற இடமா என்று முதல் மாதமே கேட்டு வையுங்கள். பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதை விட வயிற்றோடு போவது நல்லது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சீம்பாலைப் பீய்ச்சி இரண்டு சிரிஞ்சில் எடுப்பேன். ஒன்றில் 'ரெட்டை 1', இன்னொன்றில் 'ரெட்டை 2' என்று சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டி எழுதுவார். கொழுந்தன் அதை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஒரு சிரிஞ்சில் ஒன்றரை மில்லி இருந்தாலே அன்று பெருமை. மூன்றாம் நாள் நானே கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு மதுரை போனேன். மகன் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். மூளையில் ரத்தக்கசிவு என்று டாக்டர் படம் வரைந்து சொன்னார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டான். அடக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை, பச்சை உடம்பு என்றார்கள். "ஒண்ணாச்சும் தங்குச்சே" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் தயவுசெய்து யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

இறப்புச் சான்றிதழ் மதுரையில் சிக்கலில்லாமல் வந்தது. சிக்கல் எல்லாம் பிறப்பில்தான். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவு, இறப்பு எங்கே நடந்ததோ அங்கே இறப்புப் பதிவு. ஆக இரண்டு ஊர், இரண்டு அலுவலகம். பிறந்த ஆஸ்பத்திரி மகளுக்கு மட்டும் விவரம் அனுப்பியிருக்கிறது. பதிவு அலுவலகத்தில் கேட்டால், "ஆஸ்பத்திரி அனுப்பாம நாங்க என்ன பண்றது? இந்த பிக்மி நம்பருக்குத்தான் குழந்தை பதிவாயிடுச்சே." பிக்மி என்பது கர்ப்பத்தைப் பதியும்போது தாய்க்குக் கொடுக்கிற நம்பர். ஆஸ்பத்திரியில் கேட்டால், ரெக்கார்டு பார்ப்பவர் லீவு. ஒரு நாள் போச்சு.

அவர் வந்த பிறகு சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. "தம்பி, பிள்ளை இல்லேன்னு ஆயிடுச்சு. இறந்தே பிறந்ததுன்னு போட்டுடலாமா? உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." என் வீட்டுக்காரர் சண்டைக்காரர் இல்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

உயிரோடு பிறந்து ஒரு மணி நேரமே இருந்தாலும் பிறப்பும் பதிய வேண்டும், இறப்பும் பதிய வேண்டும். 21 நாளுக்குள் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் மேலதிகாரியின் அனுமதி, வருடம் தாண்டினால் மாஜிஸ்ட்ரேட் வரை போக வேண்டும். அலைந்தது போக, அந்த 30 நாளில் எங்களுக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள்.

உயிரோடு பிறந்ததற்கு ஆதாரமாக, மதுரைக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த ரெஃபரல் லெட்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை ஆம்புலன்ஸில் இருந்து இறங்கிய கையோடு மதுரையில் கொடுத்திருந்தோம். ஜெராக்ஸ் இல்லை, போட்டோவும் இல்லை. எந்தப் பேப்பரையும் கைமாற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், அவசரத்திலும். இந்த ஓட்டத்தில் மகளின் கண் பரிசோதனையே தவறிப்போகப் பார்த்தது. குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்து நாலு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். நல்லவேளை, வார்டு சிஸ்டர் நினைவுபடுத்தினார்.

மதுரையில் ஃபைலைத் தேடி நகல் எடுத்துக் கொடுத்தார்கள். முழுக்க டாக்டர் கிறுக்கல். மகனின் எடைக்குப் பக்கத்தில் 'சி.ஐ.ஏ.பி.' என்று நாலு எழுத்து. என்ன நோயோ என்று பயந்து அந்த சிஸ்டரிடம் காட்டினேன். "ஒண்ணுமில்லம்மா, பொறந்த உடனே அழுதான்னு அர்த்தம்" என்றார்.

ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு ஒரே ஒரு அழுகைதான் கேட்டது. அது மகள்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மகளின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த நாலு எழுத்து இல்லை. அவளைத் தட்டித்தான் அழ வைத்திருக்கிறார்கள்.

29ஆம் நாள் நானே போனேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்தாக வேண்டும். பஸ்ஸில் போய்வரும் நேரத்துக்குள் மார்பு கல்லாகிவிடும். ரெக்கார்டு பார்ப்பவரின் மேசையில் நகலை வைத்து, அந்த நாலு எழுத்தின் மேல் விரலை வைத்தேன். "இவன் அழுதிருக்கான் சார்." அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "பேர் ஏதும் வச்சீங்களாம்மா?" என்றார். சொன்னேன். இங்கே எழுத மனமில்லை. அவர் தட்டச்சு செய்யும்போது எழுத்துக்கூட்டிச் சொன்னேன், இரண்டு முறை.

பதிவு அலுவலகத்தில் தாமதக் கட்டணம் கட்டினோம். சில்லறை இல்லை என்று வாசலில் நிற்க வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

மகள் 45ஆம் நாள் ஒரு கிலோ எழுநூறில் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பிறப்புச் சான்றிதழும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. மதுரையில் வாங்கிய இறப்புச் சான்றிதழில் மட்டும் பெயர் இல்லை, என் பெயரைப் போட்டு 'ஆண் குழந்தை' என்று இருக்கிறது. விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அத்தை ஊரிலிருந்து வந்தால் பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு ஒரு நாள் போய்வர வேண்டும்.