குரொய்டனிலிருந்து சில குறிப்புகள்: சினெகே! ஓர்கெஸ்ட்ரா

13 செப்டம்பர் 2015, ஞாயிறு

தேம்ஸ் கரையில், குயின் எலிசபெத் ஹோலில் சினெகே! ஓர்கெஸ்ட்ராவின் முதல் கச்சேரி. அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடைக்கு வந்த 60-க்கு மேற்பட்டவர்களில் அநேகமாக எல்லாரும் கறுப்பர்கள், ஆசியர்கள், கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த நகரத்தில் எத்தனையோ வருசமாகக் கச்சேரிகளுக்குப் போகிறேன். வெள்ளையரல்லாத ஒரு முகத்தை மேடையில் தேடித்தான் பிடிக்க வேணும். அம்மா காதுக்குள் கேட்டா: "இவ்வளவு பேரும் இவ்வளவு காலமும் எங்கை பிள்ளை இருந்தவை?"

இதே கேள்விதான் சினெகே!யைத் தொடங்கிய சி-சி ந்வானோகுவையும் கிளப்பிவிட்டது. அப்பா நைஜீரியர், அம்மா ஐரிஷ்காரி. ஓட்ட வீராங்கனையாக இருந்து, முழங்காலில் அடிபட்ட பிறகு டபுள் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தை எடுத்தவர். லண்டனின் பெரிய இசைக்குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெரிய மேடைகளில் ஏன் உங்களை மட்டும் காண்கிறோம் என்று கலைத்துறை அமைச்சர் எட் வைசி அவரிடம் கேட்டாராம். பதிலுக்கு அவர் ஆட்களைத் தேடித் திரட்டி ஒரு ஓர்கெஸ்ட்ராவையே மேடையேற்றிவிட்டார்.

என்ன வாசித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். புதுச் சனம் வருகிறதே என்று இசையைத் தண்ணி கலந்து தரவில்லை. பிராம்ஸின் ஹைடன் வேரியேஷன்ஸ், பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முழுசாக. வேய்ன் மார்ஷல் நடத்தினார். சிம்பொனியின் முதல் பகுதி முடிய மகள் கைதட்டினாள். பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுவது வழக்கமில்லை, ஆனால் ஆரும் திரும்பி முறைக்கவில்லை.

நடுவில் பிலிப் ஹெர்பர்ட்டின் இரங்கல் இசை. 1993-ல் எல்தம் பஸ் தரிப்பிடத்தருகே இனவெறியர் குத்திக் கொன்ற ஸ்டீபன் லோரன்ஸுக்காக எழுதியது. 18 தந்தி வாத்தியங்கள். அந்தப் பிள்ளை வாழ்ந்த ஒவ்வொரு வருசத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வாசிக்கத் தனித்தனி இசைவரி. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. மேலைச் செவ்வியல் இசை அவவுக்குப் பழக்கமில்லை, விளக்கமும் தேவைப்படவில்லை.

20 செப்டம்பர் 2015, ஞாயிறு

பாண்டன் ஹில் மயானத்துக்குப் போய்வந்தோம். போன கிழமைக் கச்சேரியில் 'பலாட்' என்றொரு ஓர்கெஸ்ட்ரா இசையும் கேட்டோம்; அதை எழுதிய சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அப்பா சியரா லியோனிலிருந்து வைத்தியம் படிக்க வந்தவர், அம்மா ஆங்கிலேயப் பெண். வளர்ந்தது தெற்கு லண்டனில், எங்கள் குரொய்டனில். ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கார் சிபாரிசு செய்ய, 1898-ல் குளோஸ்டரில் அந்தப் பலாட் அரங்கேறியது. அதே வருசம் வந்த 'ஹயவாதாவின் கலியாண விருந்து' என்ற கூட்டுப்பாடல் படைப்பு நாடெங்கும் பாடப்பட்டது. ஆனால் அவர் அதைப் பதிப்பகத்துக்கு மொத்தமாக 15 கினிக்கு, அதாவது 15 பவுண் சொச்சத்துக்கு விற்றிருந்தார். இலட்சக்கணக்கில் பிரதிகள் போயும் ராயல்டி ஒரு சதமும் இல்லை. 1912-ல் வெஸ்ட் குரொய்டன் ஸ்டேஷனில் விழுந்தார்; சில நாளில் நிமோனியா கொண்டுபோனது. வயது 37.

நான் கிழமைக்கு ஐந்து நாள் ரயில் ஏறுகிற ஸ்டேஷன் அது. இத்தனை காலம் ஒருத்தரும் எனக்கு அவர் பேரைச் சொல்லவில்லை என்பது கோபமாக இருக்கிறது. கல்லில் ஹயவாதாவின் சில இசை வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மகள் அதை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

30 ஆகஸ்ட் 2017, புதன்

ராயல் ஆல்பர்ட் ஹோல். ப்ரொம்ஸ் என்கிற கோடைக்கால இசை விழாவில் சினெகே! முதல் தடவை. ஆறு பவுண் டிக்கெட், நின்றபடிதான். கால் வலிக்கிறது, கவலையில்லை.

ஷெவலியே டி செயின்ட்-ஜோர்ஜின் 1780-ம் ஆண்டு ஒபேராவிலிருந்து முன்னிசை வாசித்தார்கள். குவாதலூப்பில் அடிமைப்பெண் ஒருத்திக்குப் பிறந்து, பாரிஸ் நகரத்தில் ஹைடனின் 'பாரிஸ் சிம்பொனிகளை' முதன்முதல் மேடையேற்றிய இசைக்குழுவை வழிநடத்தியவர். இப்படியொருவர் இருந்தும் பாடப்புத்தகத்தில் மொசார்ட்டோடு கதை முடிந்துவிடுகிறது. ஹன்னா கென்டலின் புதுப்படைப்பு ஒன்றும் இன்றைக்குத்தான் அரங்கேறியது. கிழக்கு லண்டனின் 'போ' (Bow) பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-ல் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றிய கவிதையிலிருந்து பிறந்தது. வெட்டி வெட்டிப் பாய்கிற தாளம். திரும்பக் கேட்க வேணும்.

ஷேக்கு கானே-மேசன் செல்லோ. வயது 18. வோர்ஷாக்கின் ரொண்டோ, பிறகு பொப்பரின் ஹங்கேரியன் ராப்சடி. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெடியன்கள் மூன்று பேர் இதுவரை இந்தக் கட்டிடத்துக்குள் காலடி வைத்ததில்லை என்று சொன்னார்கள். ராப்சடி முடிய அவர்கள் போட்ட சத்தம்!

19 மே 2018, சனி

வின்சரில் இளவரசர் ஹரி, மேகன் கலியாணத்தில் ஷேக்கு வாசித்ததை அம்மாவும் மகளும் டிவியில் பார்த்தார்கள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இனி இந்த ஒரு பிள்ளையைக் காட்டி, கதவு திறந்துதான் கிடக்கிறது என்று கதைக்கத் தொடங்குவார்கள். நொட்டிங்கம் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை அவன். அப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில்தான் இசைக்கான காசை முதலில் வெட்டுகிறார்கள். சினெகே! 11 வயதிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து இளையோர் ஓர்கெஸ்ட்ராவும் நடத்துகிறது. என் கண்ணுக்கு அதுதான் பெரிய வேலை.

மகளின் பள்ளிக்கூட இசைக்குழு இந்தத் தவணைக்குப் போட்ட பட்டியலில் குரொய்டன்காரர் இல்லை. பின்னேரம் இசை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கோல்ரிட்ஜ்-டெய்லரின் 'நாலு நோவெலெட்டன்' என்ற சிறு இசைத் துண்டுகளை (ஒப்பஸ் 52) வாசிக்கலாமே என்று. தந்தி வாத்தியங்களோடு ஒரு டம்பரினும் ட்ரையாங்கிளும் போதும். பிரதிகளுக்குக் காசு இல்லையென்றால் பெற்றோர் நாங்கள் சேர்த்துத் தருகிறோம் என்றும் எழுதி அனுப்பிவிட்டேன்.