மொனீவா போய் வந்தேன்

பர்மாவின் மாண்டலேயிலிருந்து மொனீவா 136 கிலோமீட்டர்தான். ஆனால் 2021 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் மொனீவா இருக்கும் சகாயிங் பிராந்தியத்துப் பக்கம் போகிறேன் என்றால் தூரத்தை யார் கேட்கிறார்கள்? வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்றுதான் கேள்வி.

சிண்ட்வின் ஆற்றங்கரை ஊர். துவரை, கொண்டைக்கடலை, எள், நிலக்கடலை என்று சுற்றுவட்டார விளைச்சலெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இந்தியா போகும் பர்மா துவரையை நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மண்டிக்கார அண்ணன் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டிய துவரையை ஊதிவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். நன்றாகக் காய்ந்த சரக்கு.

"சரக்குக்கு ஒரு குறையும் இல்ல தம்பி, லாரிக்காரன்தான் வரமாட்டேங்கிறான்" என்றார். வந்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறதாம்.

ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 116 மீட்டர் உயர நின்ற புத்தர் சிலையைப் பார்க்க ஆசைப்பட்டேன். இருட்டுவதற்குள் ஊர் திரும்பு என்று அண்ணன் அனுப்பிவிட்டார்.