ஓட்டுநர்களை எடுத்தோம், அப்புறம் அட்டவணையைத் திருத்தினோம்

எங்கள் நிறுவனத்தில் லாரிக்கு ஆள் எடுப்பது ரொம்ப நாளாக ஒரே மாதிரிதான் நடந்தது. உள்ளே இருக்கும் ஓட்டுநர் ஒருவர் தனக்குத் தெரிந்தவரைக் கூட்டி வருவார். உரிமத்தைப் பார்ப்போம், யார்டுக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்வோம், அன்று மாலையே லோடு ஏற்றி அனுப்பிவிடுவோம். வண்டிகள் கூடியதும், பாதுகாப்புப் பிரிவில் இருந்த என் தலையில் முதலாளி இந்த வேலையைக் கட்டினார். "ஆளும் சீக்கிரம் கிடைக்கணும், விபத்தும் குறையணும்" என்றார். ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் தொட்டது விண்ணப்பப் படிவத்தை. அதில் 'அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லாரும் ஒரு எண்ணை எழுதுவார்கள், நாங்களும் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோவோம். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். எந்த வண்டி, எத்தனை ஆக்சில், என்ன சரக்கு, மலையா சமவெளியா, பகலா இரவா என்று தனித்தனியாகக் கேட்டோம். ஆயுள் முழுக்கச் சமவெளியில் பெட்டி லாரி ஓட்டியவர், டேங்கருக்குக் கிட்டத்தட்ட புது ஆள்தான். டேங்கர் ஓட்டியதாகச் சொன்னவர்களிடம் ஒரே கேள்வி: பாதி நிரம்பிய டேங்கில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? ஓட்டாதவர்கள் யோசிப்பார்கள். ஓட்டியவர்கள் உடம்பே பதில் சொல்லிவிடும். ஒருவர் நாற்காலியிலேயே முன்னால் சரிந்து, "வண்டி நின்ன பிறகும் உள்ள இருக்கிறது நிக்காது மேடம். பின்னாடியிருந்து ஒரு தள்ளு தள்ளும், அதுல சிக்னல் கோட்டைத் தாண்டிருவோம்" என்றார்.

பழைய முதலாளிகளுக்குப் போன் போடும்போது, ஆள் எப்படி என்று கேட்டால் "நல்ல பையன்தான்" என்ற பதில்தான் வரும். "திரும்பி வந்தா எடுத்துப்பீங்களா?" என்று கேட்கப் பழகினேன். பதிலுக்கு முன்னால் வரும் இடைவெளியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நேர்காணலில் நான் அதிகம் நம்பியது ஒரு கேள்வியை: "கடைசியா எப்போ வண்டியை எடுக்க மாட்டேன்னு சொன்னீங்க?" ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் எதுக்குமே முடியாதுன்னு சொன்னதில்ல" என்றார். பக்கத்தில் இருந்த, எந்த லோடுக்கு எந்த வண்டி என்று பிரித்து அனுப்பும் எங்கள் டிஸ்பாட்ச் பொறுப்பாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் அந்தப் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டேன். இன்னொருவர், டயரின் பக்கவாட்டில் வீக்கம் தெரிந்ததால் லோடு எடுக்க மறுத்து, அந்த வேலையே போனதை வேண்டாவெறுப்பாகச் சொன்னார். அதைச் சொன்னால் இங்கேயும் வேலை கிடைக்காது என்று நினைத்திருப்பார் போல. அவரை எடுப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இதில் எனக்கும் டிஸ்பாட்சுக்கும் ஆரம்பித்த சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை.

மருத்துவப் பரிசோதனையில் கண் பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் வழக்கம்போல. சிக்கல் தூக்கத்தில்தான் வந்தது. எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. படித்துக்கொண்டிருக்கும்போது, மதியம் படுத்திருக்கும்போது, போக்குவரத்தில் சில நிமிடம் நிற்கும் காரில் என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். அதிகபட்ச மொத்தம் 24. 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். எங்களிடம் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வரிசையாகப் பூஜ்யம் போட்டுக் கொடுத்தார்கள். வேலை கேட்டு வந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வரும் என்று யார் எழுதுவார்?

அதனால் டாக்டர் வேறு பக்கமாகப் போனார். கழுத்துச் சுற்றளவு, எடை, ரத்த அழுத்தம் என அளக்கக் கூடியதை அளந்தார். குறட்டை பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருந்தால், எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் ஆள் தூங்காதவர்தான். அதற்குச் சிகிச்சை உண்டு, இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி பலருக்கும் நன்றாகவே உதவுகிறது. அப்படிச் சந்தேகம் வந்த ஒருவரை நாங்கள் கழித்துவிடாமல், சிகிச்சைக்கு அனுப்பி, சரியான பிறகு சேர்த்தோம். கருணையால் மட்டும் இல்லை. அவரை வெளியே தள்ளியிருந்தால், அதற்கப்புறம் ஒருவர்கூடக் குறட்டை விடுவதாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஓட்டும் தேர்வை இன்ஜினை நிறுத்தி வைத்துத்தான் தொடங்கினோம். வண்டியைச் சுற்றி வந்து பார்க்கச் சொல்வோம். முன்பே ஒரு பின்விளக்கின் இணைப்பைக் கழற்றி வைத்திருப்போம், சரக்கைக் கட்டிய பட்டை ஒன்றைத் தளர்த்தி வைத்திருப்போம். சிலர் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு "எல்லாம் சரி" என்பார்கள். நல்ல ஓட்டுநர் பட்டையைக் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார், கையால் இழுத்துப் பார்ப்பார். அப்படி இழுத்ததும் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீங்களே கழட்டி வச்சீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு வந்தவர்களில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ரிவர்ஸ் எடுக்கும்போது, நடுவில் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருபவருக்குக் கூடுதல் மதிப்பெண். ஒரே மூச்சில் ஸ்டைலாக ஏற்றுபவருக்கு இல்லை. இளவட்டங்களுக்கு இதில் பெரிய வருத்தம்.

அப்புறம் லோடு ஏற்றிய வண்டியோடு சாலை. பக்கத்தில் எங்கள் மூத்த ஓட்டுநர் உட்காருவார், எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். பாதி வழியில் அவர் சும்மா சொல்வதுபோல, "தம்பி, லேட்டாகுது, கொஞ்சம் சேர்த்து மிதிக்கலாமா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு வேகம் ஏறுகிறதா என்பதுதான் தேர்வு. "பரவால்லண்ணே, போய்ச் சேர்ந்துரலாம்" என்று அதே வேகத்தில் போனவர்கள் தேறினார்கள்.

பயிற்சிக்கு வருவோம். வகுப்பறையில் படம் காட்டிப் பேசியதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். பதிந்தது யார்டில் செய்த ஒரு காரியம். புதியவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நாங்கள் வண்டியைச் சுற்றி நடந்தோம். யார் எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்களோ அப்போது அவர் ஹார்ன் அடிக்க வேண்டும். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு. கடைசியில் அவரையே கீழே இறக்கிக் கோடுகளுக்குள் நடக்கவிட்டோம். கிளீனர் பக்கத்துக் கதவை ஒட்டி, இருசக்கர வண்டி ஒன்று முழுசாக ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடம். முகப்புக்கு நேர் முன்னால், பம்பரை ஒட்டி நின்ற உயரம் குறைந்த அலுவலக உதவியாளர் ஒருவர், கேபினிலிருந்து பார்த்தால் இல்லவே இல்லை. பல வருடம் ஓட்டியவர்களும் அந்தக் கோட்டுக்குள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள்.

மலை இறக்கம் பற்றிய பாடத்தை அண்ணன் எடுத்தார். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம். இன்றைய வண்டிகளில் இன்ஜின் பலம் கூடியிருக்கிறது, உருளும் தடை குறைந்திருக்கிறது. வண்டி உயர் கியரிலேயே ஏறிவிடும், அதே கியரில் இறக்கினால் கைமீறிப் போகும். அதனால் இன்னும் கீழே போட வேண்டும், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், பாதுகாப்பான வேகத்தைத் தொட்டதும் உறுதியாக அழுத்தி எட்டு, பத்து கிலோமீட்டர் குறைத்து, விட்டுவிட வேண்டும். வேகம் மறுபடி ஏறினால் மறுபடி அழுத்தல். தொடர்ந்து தேய்த்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். மழையில் காலி வண்டிக்கு ரிடார்டரை (சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் கருவி) முழுசாகப் போடக் கூடாது, பின்சக்கரம் வழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வேகக் கணக்கை நான் பலகையில் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய 1.8 மடங்கு. 80இல் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஏர் பிரேக்கில் மிதித்த பிறகு காற்று சக்கரம்வரை போய்ச் சேர ஆகும் சிறு நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தூக்கம் பற்றிய வகுப்பில்தான் விஷயம் எங்கள் பக்கம் திரும்பியது. 1997இல் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வைச் சொன்னேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார்: "காலைல ஆறு மணிக்கு வரச் சொல்றீங்க. லோடு ஏறச் சாயங்காலம் ஆயிருது. ராத்திரி பதினோரு மணிக்கு நான் எங்க இருப்பேன் மேடம்?" வகுப்பே சிரித்தது. கணக்கு சரியாக 17 மணி நேரம்.

அந்தக் கேள்வியோடு முதலாளியிடம் போனேன். ஓட்டுநருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, டிஸ்பாட்ச் ஆட்களும் இதே வகுப்பில் உட்கார வேண்டும் என்றேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறையைக் காட்டினேன். அதில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டுதல், வாரத்தில் இரு முறை மட்டும் 10 என்று வரம்புகள் இருப்பது பலருக்கும் தெரிந்ததுதான். அவரை நிமிரவைத்தது அதன் 10ஆவது பிரிவு. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில், ஓடிய தூரத்துக்கோ, கொண்டுபோய்ச் சேர்த்த வேகத்துக்கோ, ஏற்றிய சரக்கின் அளவுக்கோ ஏற்ப ஓட்டுநருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று அது நிறுவனத்தைத் தடுக்கிறது. எங்கள் ஊதியமோ முழுக்க டிரிப் கணக்கு. சீக்கிரம் போ என்று நாங்கள் வாயால் சொன்னதில்லை, சம்பளச் சீட்டு சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த விதி நமக்குப் பொருந்தாதே என்று முதலாளி கேட்டார். பொருந்தாவிட்டாலும் காரணம் பொருந்துகிறது என்றேன். பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகு நிலையான மாதச் சம்பளத்தைக் கூட்டி, டிரிப் படியைக் குறைத்தார்கள். சில பழைய ஓட்டுநர்களுக்கு இது பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டு ஓட்டுகிறவனுக்கும் சும்மா இருக்கிறவனுக்கும் ஒரே காசா என்று கேட்டார்கள். ஓரளவு நியாயம்தான். எரிபொருள் சிக்கனத்துக்கும், வண்டியைப் பழுதில்லாமல் வைத்திருப்பதற்கும் தனியாக ஊக்கத்தொகை வைத்தோம். அதோடு ஒரு எழுத்துமூல உத்தரவும் வாங்கினேன்: தூக்கம் வருகிறது என்று ஓட்டுநர் போன் செய்தால், டிஸ்பாட்ச் கேட்க வேண்டியது எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை மட்டும்தான். எப்போது வந்து சேருவீர்கள் என்று கேட்கக் கூடாது.

புதியவர்கள் முதல் சில வாரங்கள் அண்ணனோடோ அவர் சொல்லும் வேறு ஒருவரோடோ போவார்கள். ஜிபிஎஸ்ஸில் திடீர் பிரேக் பதிவானால் அபராதம் கிடையாது, என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்போம். பாதி நேரம் குறுக்கே வந்தவர் மேல்தான் தவறு இருக்கும். அதே ஓட்டுநருக்கு அடிக்கடி வந்தால் இடைவெளி விடாமல் போகிறார் என்று பொருள், மறுபடி அண்ணனின் பக்கத்து இருக்கை.

இப்போது பெரிய தொல்லை வாடிக்கையாளர் வாசலில்தான். வரிசையில் மணிக்கணக்காக நிற்கிற ஓட்டுநர், முறை தப்பிவிடுமோ என்று கண்ணை மூடவும் முடியாமல் வண்டியை அடி அடியாக நகர்த்திக்கொண்டிருக்கிறார். எங்கள் ஏட்டில் அது ஓய்வு நேரமாக ஏறிக்கொண்டிருந்தது, அதை வேலை நேரத்தில் சேர்க்க வைத்துவிட்டேன். இனி வரும் ஒப்பந்தங்களில் காத்திருப்புக்கு ஒரு வரம்பும், தாண்டினால் கட்டணமும், ஓட்டுநர் படுக்க ஒரு இடமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விற்பனைப் பிரிவு, வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்கிறது. கோப்பு முதலாளி மேசையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்து விழவில்லை.