கிழவி போகிறாள்

17.9.2020
கொரோனா. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 97. காய்ச்சல் 101. வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள்.

18.9
என் பழைய கப்பல், விமானந்தாங்கி விராட்டை, நாளைக்கு மும்பையிலிருந்து அலங்குக்கு, உடைக்க இழுத்துப் போகிறார்களாம். பழைய மெஸ் குரூப்பில் ஒருத்தன் போட்டிருக்கிறான். பாய்லர் அணைந்தே நாலு வருஷமாகிறது, இழுக்காமல் என்ன செய்வார்கள்? 96.

19.9
போய்விட்டாள். கேட்வே பக்கம் நின்று கையசைக்கிற வீடியோவை ஐந்து தடவை பார்த்தேன். 1982 ஏப்ரல் 5, போர்ட்ஸ்மவுத்திலும் கூட்டம் இப்படித்தான் கையசைத்தது. அப்போது அவள் பெயர் ஹெர்மிஸ். அர்ஜென்டினா பிடித்த ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் போன பிரிட்டிஷ் படைக்குக் கொடிக்கப்பல் அவள்தான், அட்மிரல் உட்வார்ட் இருந்ததும் அவள் மேல்தான். 87இல் இந்தியாவின் விராட் ஆனாள். பின்னால் நான் ஏறியபோது ஒரு வால்வில் பெயின்ட் சுரண்டினேன். கீழே வேறொரு சாம்பல், அதற்கும் கீழே இன்னொன்று. எந்தச் சாம்பல் சண்டைக்குப் போனது என்று சீஃபிடம் கேட்டேன். வேலையைப் பாருடா என்றார்.

20.9
95. நாக்கில் ருசியே இல்லை. கபசுரக் குடிநீர் குடிக்கிறவனுக்கு அது வரம்தான்.

21.9
ராத்திரி இரண்டு மணி. தூக்கம் இல்லை. பெல்கிரானோ ஞாபகம் வந்துவிட்டது, அதே சண்டையில் மூழ்கிய அர்ஜென்டினாக் கப்பல்.

எப்போதும் இப்படித்தான், மூச்சு இழுக்கும்போது வரும். மே 2. பிரிட்டனின் காங்கரர் நீர்மூழ்கி மூன்று டார்பிடோ விட்டது, இரண்டு பட்டன. ஒன்று மூக்கைப் பிய்த்தது. மற்றது பின்பக்க எஞ்சின் அறையில். கரன்ட் போனது, பம்பு ஓடவில்லை. 323 பேர் செத்தார்கள். வந்தால் அடிப்போம் என்று பிரிட்டன் தீவைச் சுற்றிப் போட்ட இருநூறு மைல் வளையத்துக்கு வெளியேதான் இருந்தது, அடித்தது சரியா தப்பா என்று இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். நான் ஸ்டோக்கர், கப்பலின் அடியில் பாய்லர் பார்த்தவன். தலைக்கு மேலே ஏணி, ஏணிக்கு மேலே ஹேட்ச், அதற்கு மேலே இன்னொரு ஏணி. விளக்கு போனால் அந்த ஏணியைக் கையால்தான் தேட வேண்டும். அந்தக் கப்பல் பேர்ல் ஹார்பரில் தப்பித்த கப்பல். அமெரிக்காக்காரன் வைத்திருந்தபோது ஃபீனிக்ஸ் என்று பெயர். பெயர் மாற்றி விற்ற கிழவிகள் இரண்டும் ஒரே சண்டையில், எதிரெதிர்ப் பக்கம்.

குப்புறப் படுத்தால் 96 காட்டுகிறது.

22.9
கஞ்சித் தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, "என்னங்க, எடுத்துக்கிட்டீங்களா?" என்கிறாள் கீழேயிருந்து. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுவரோரம்கூட வருவதில்லை. எங்களுக்கும் இருநூறு மைல் வளையம்.

23.9
94.

மே 1. ஹாரியர் விமானங்கள் ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லியின் விமானத்தளத்தில் குண்டு போடக் கிளம்பியது அவள் மேல்தளத்திலிருந்துதான். எத்தனை என்று சொல்ல பிபிசிக்காரருக்கு, ஹன்ராஹனுக்கு, அனுமதி இல்லை. போனதை எல்லாம் எண்ணினேன், வந்ததையும் எண்ணினேன் என்று மட்டும் சொன்னார். ஒன்றின் வாலில் ஓட்டை. மற்றபடி கணக்கு சரி.

நானும் எண்ணுகிறேன். இருமல், மாத்திரை, விசிறியின் சத்தம்.

24.9
மகன் போனில் சிரிக்கிறான். "பழைய இரும்புக்குப் போய் இவ்வளவு அழுகையாப்பா?"

டேய், அந்தச் சண்டை ஆரம்பித்ததே பழைய இரும்பில்தான். தெற்கு ஜார்ஜியாத் தீவில், லீத் என்கிற இடத்தில், கைவிட்ட திமிங்கில ஆலையை உடைத்து எடுக்க டேவிடாஃப் என்கிற அர்ஜென்டினா வியாபாரி காண்டிராக்ட் எடுத்தார். மார்ச் 19, அவருடைய ஆட்கள் இறங்கினார்கள், அர்ஜென்டினா கொடி ஏறியது. ஏப்ரல் 2, அர்ஜென்டினாவை ஆண்ட ஜெனரல் கால்டியேரியின் படை ஸ்டான்லியில். பிரிட்டிஷ் கவர்னர் ரெக்ஸ் ஹன்ட் இறகுத்தொப்பியும் முழுச் சீருடையுமாக டாக்சியில் ஏறி விமானத்துக்குப் போனார். பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் கப்பல் அனுப்பினார். ஜூன் 14, தீவிலிருந்த அர்ஜென்டினாத் தளபதி மெனென்டெஸ் சரண். 74 நாள். செத்தது அர்ஜென்டினாவில் 649, பிரிட்டனில் 255, தீவுக்காரர் 3. அந்த மூன்று பேரும் பெண்கள். பிரிட்டிஷ் குண்டே விழுந்து செத்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குள் இருமல். வைத்துவிட்டேன்.

25.9
ரொம்பக் கிழக்கே ஒளிந்து நிற்கிறாள், பர்மா பதக்கம்தான் கொடுக்கணும் என்று மற்றக் கப்பல்காரர்கள் ஹெர்மிஸைக் கிண்டலடித்தார்களாம். உட்வார்ட் ஒளித்துத்தான் வைத்தார். அவள் போனால் எல்லாம் போச்சு. மே 25, இரண்டு எக்சோசெட் ஏவுகணை விமானந்தாங்கியைத் தேடி வந்தன. அட்லாண்டிக் கன்வேயர்மேல் விழுந்தன. அது சரக்குக் கப்பல். வெள்ளைத்தாடி கேப்டன் இயன் நார்த்தோடு 12 பேர் செத்தார்கள். உள்ளே மூன்று சினூக் ஹெலிகாப்டர், கூடாரங்கள், எல்லாம் எரிந்தன. அப்புறம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கரையிறங்கிய சான் கார்லோஸிலிருந்து ஸ்டான்லிவரை, சேற்றில், மூட்டையோடு நடந்தார்கள்.

அவளுக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது.

26.9
இட்லி. லேசாக உப்புத் தெரிகிறது!

27.9
95. மறுபடி 93. கிளிப் சரியில்லை. பேட்டரி மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

28.9
இன்று கரையேற்றுகிறார்கள். அலை முழுசாக ஏறுகிற நேரம் பார்த்துத்தான் மணலில் ஏற்றுவார்கள். மகன் லிங்க் அனுப்பினான். சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூக்கு மட்டும் தெரிகிறது, ஹாரியர் ஏறிப்போன அந்தச் சரிவு. அப்படியே நின்றுவிட்டது படம்.

"என்னங்க, தட்டு..."