பீரோச் சாவி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. பெரிய சார் ஒருவர், நான் ஒருத்தி. 2018-இல் மூணாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் பாடம் எதைக் கேட்டாலும் கடகடவென்று வாசிப்பான். ஆய்வுக்கு யார் வந்தாலும் முதலில் அவனைத்தான் எழுப்பிவிடுவேன்.

ஒருநாள் அவன் வாசிக்கும்போது என் கைபட்டுப் பக்கம் புரண்டுவிட்டது. அவன் பாட்டுக்கு முந்தின பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தான். விரல் மட்டும் புதுப் பக்கத்தில் வரிவரியாக நகர்ந்தது.

படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடுவில் 'தொட்டி' என்ற சொல்லைக் காட்டினேன். "தெ... ர... ட்டி" என்றான். அவனைச் சொல்லி என்ன? ஒலி ஒன்று. அதற்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால். காலோ 'ர' மாதிரியே நிற்கிறது. 247 எழுத்தையும் கோரஸாகச் சொல்ல வைத்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

அந்த வருஷம் மேட்டூர் ஜூலை 19-இல்தான் திறந்தார்கள். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தவறியதால் எங்கள் ஊரில் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். மறுநாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, "உங்க வயல்ல என்ன நெல்லுடா?" என்று கேட்டேன். "பொன்மணி டீச்சர்." சி.ஆர். 1009 ரகத்துக்கு இங்கே அதுதான் பேர். கரும்பலகையில் எழுதினேன். "பெ... ர..." என்று ஆரம்பித்தவன் நின்றான். உதட்டைக் குவித்து, "பொ" என்றான். பக்கத்தில் 'தொட்டி' எழுதினேன். கொஞ்சம் முழித்துவிட்டுச் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. புத்தகம் இல்லாமல் இல்லை, இரும்பு பீரோவில் இருந்தது. திட்டம் திட்டமாக வந்தவற்றை முத்திரை குத்தி, இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு அடுக்கி, சாவியைக் கைப்பையில் வைத்திருந்தேன். கிழிந்தால் யார் பதில் சொல்வது? எப்போது எண்ணினாலும் ஒன்றுகூடக் குறையாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

நவம்பர் 16-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி, கஜா புயல் கரையேறியது. தென்னை, மின்கம்பம் எல்லாம் படுத்துவிட்டன. பள்ளிக்கூடத்து ஓடு பறந்து, மழை நேரே பீரோ தலையில் இறங்கியிருந்தது. மறுபடி பள்ளி திறந்த அன்று பீரோவைத் திறந்தேன். மூட்டையில் ஊறிப்போன நெல்லின் வாடை அடித்தது.

வராண்டாவில் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டோம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஊதி ஊதிப் பிரிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் வேலை நின்றுபோனது. ஆளுக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதட்ட வாயெடுத்தபோது அந்தப் பையன் வந்தான். "டீச்சர், கொக்கு எங்க போச்சுன்னு தெரியல, அடுத்த பக்கம் ஒட்டிக்கிச்சு. மெதுவா எடுங்க."

வாங்கிப் பார்த்தேன். சாயம் கலங்கி, படம் இருந்த இடம் வெறும் நீலத் திட்டாக இருந்தது. கொக்கு எழுத்தில் மட்டுமே இருந்தது.

கழித்தது போக மிஞ்சியவற்றை பீரோவுக்குள் வைக்கவில்லை. கயிற்றிலேயே விட்டேன், வீட்டுக்கும் கொடுத்தேன். சில திரும்பி வரவில்லை. ஒன்று அட்டையில் மீன்குழம்போடு வந்தது. பதிவேட்டில் 'பயன்பாட்டில் கிழிந்தது' என்று எழுதி நீட்டியபோது பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஆடிட்ல கேட்டா?"

"அந்தக் கறையைக் காட்டலாம் சார்."

முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

2023-இல் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. கட்டைப் பிரித்த அன்றைக்கே கயிற்றில் ஏற்றினேன். ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று வரிசையைத் தாண்டி 'பற' புத்தகத்தை உருவிக்கொண்டு புங்கமரத்தடிக்கு ஓடியது. தலைகீழாகப் பிடித்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.