வாட்டர் பேப்பர் தேய்த்த விரல்கள்

நரிதா விமான நிலையத்தில் எங்கள் பெயிண்டர் அண்ணனின் கைரேகை விழவில்லை.

ஜப்பானுக்குள் நுழையும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரு சிறிய கண்ணாடியின் மேல் வைத்து அழுத்த வேண்டும். 2007-ல் இருந்து இதுதான் அங்கே வழக்கம். அண்ணன் வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் இல்லை. முதல் விமானப் பயணம், வயது 58, முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, திருப்பி அனுப்பிருவாங்களா?" என்று பின்னால் நின்ற என்னிடம் கேட்டார். கவுண்டரில் இருந்த அதிகாரி பொறுமையாக, இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்லி சைகை காட்டினார். நாலாவது தடவை பதிந்தது.

ரேகை விழாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கும் மேலாக வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்த விரல்கள் அவை. காரின் தகட்டில் பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடம் தகட்டோடு தகடாகச் சேரும்வரை தேய்த்தால் பேப்பர் மட்டும் தேய்வதில்லை, தோலும் தேய்கிறது. என் கார் பட்டறையில் டிங்கரிங் என் வேலை, பெயிண்ட் அவர் வேலை. நான் தட்டி நிமிர்த்தியதை அவர் அழகாக்குவார். இருபது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. மாற்றியமைத்த கார்களின் கண்காட்சியான டோக்கியோ ஆட்டோ சலோனைப் பார்க்கப் போவது என்று நான் முடிவெடுத்தபோது அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

2025 ஜனவரி 10 முதல் 12 வரை மூன்று நாள் கண்காட்சி. நாங்கள் போனது இரண்டாம் நாள், சனிக்கிழமை. யோகோஹாமாவில் வேலை பார்க்கும் என் மச்சான்தான் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர் எல்லாம். டோக்கியோ ஸ்டேஷனில் கெய்யோ லைன் ரயிலுக்கு மாற வேண்டும். அந்த பிளாட்பாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி, பூமிக்கடியில் எங்கோ இருக்கிறது. நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். ஆனால் ரயிலில் ஏறியதும் யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. பெட்டி முழுக்க நம் ஆட்கள். டியூனிங் கடைப் பெயர் போட்ட ஜாக்கெட், தொப்பி, கையில் கேமரா. கைஹின்-மகுஹாரி ஸ்டேஷனில் எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள், நாங்களும் இறங்கிப் பின்னாலேயே போனோம்.

இந்தக் கண்காட்சி 1983-ல் 'டோக்கியோ எக்ஸைட்டிங் கார் ஷோ' என்ற பெயரில் ஆரம்பித்தது. 1987-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. அந்தக் காலத்தில் காரை மாற்றியமைப்பவர்களை அங்கேயும் நல்லவிதமாகப் பார்த்ததில்லை. 1995-ல் அரசு விதிகளைத் தளர்த்திய பிறகு இந்தத் தொழில் தலைநிமிர்ந்தது. இன்று டொயோட்டா, நிசான், ஹோண்டா, மாஸ்டா, சுபாரு என்று கார் கம்பெனிகளே பெரிய பெரிய அரங்கு போட்டு நிற்கின்றன. கண்காட்சி நடக்கும் மகுஹாரி மெஸ்ஸே வளாகத்தின் பதினொரு ஹால்களையும் ஒரே நாளில் பார்ப்பது நடக்காத காரியம். கம்பெனி அரங்குகளை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அந்தக் கார்களின் படம் அன்று மாலையே எல்லோர் கைப்பேசியிலும் வந்துவிடும்.

ஒன்றின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றேன். நிசான் தன் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றி வைத்திருந்தது. 2,568 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், அந்த ஆர்பி26, வெளியே எடுக்கப்பட்டு முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். ஒவ்வொன்றும் 160 கிலோவாட். பழைய எஞ்சினின் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1989-ல் வந்த காரின் ஓட்டும் உணர்வை முப்பது வருடம் கழித்துப் பிறக்கிறவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்த மெனக்கெடல் எனக்குப் புரிகிறது. பாடியில் கை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் ஃபெண்டரின் வளைவு அதே வளைவு.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம்.

தேடிப் பிடித்தபோது அவர் மாணவர்களின் அரங்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஜப்பானில் வாகனத் தொழில் கற்றுத்தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. நரிதா பக்கத்திலேயே நிஹான் ஆட்டோமொபைல் கல்லூரி இருக்கிறது, நிசானுக்கும் சொந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் தங்கள் கையால் கட்டிய கார்களை இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணன் உட்கார்ந்திருந்தது அப்படி ஒரு காரின் பின் ஃபெண்டருக்கு நேரே. அவர் காரைப் பார்க்கவில்லை, காரில் விழுந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை விளக்கு பெயிண்டின் மேல் ஒரு நீளக் கோடாக விழும். தகட்டில் பள்ளமோ மேடோ இருந்தால் அந்த இடத்தில் கோடு நெளியும். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தால் கோடு ஃபெண்டரின் மேல் நகரும், குறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் ட்யூப் லைட்டை வைத்து அவர் தினமும் செய்கிற சோதனை இது.

"தம்பி, ஒரு இடத்துல லேசா நெளியுது. மத்தபடி சுத்தம். யாரு பண்ணது இது?"

பண்ணியவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும், கல்லூரியின் நீலநிற ஓவரால் போட்டிருந்தாள். மச்சான் பேச்சுக் கொடுத்ததும் ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் துருப்பிடித்த பழைய கார். அப்புறம் ஃபெண்டரை வெட்டியது, தகடு வைத்து வெல்டிங் அடித்தது, கிரைண்டர் போட்டது, பட்டி இழுத்தது என்று வரிசையாக ஒவ்வொரு கட்டமும். நான் வெல்டிங் படத்தில் நின்றுவிட்டேன். ஒரே இழுப்பாக ஓட்டாமல், சூட்டில் தகடு நெளியாமல் இருக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, பிறகு இடைவெளியை நிரப்பியிருந்தார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய மேஸ்திரி. கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

அண்ணனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பட்டி எவ்வளவு கனம்? மச்சானுக்கு பட்டி என்றால் ஜப்பானியில் என்னவென்று தெரியவில்லை, கைப்பேசி வேறு எதையோ சொன்னது. கடைசியில் அண்ணனே பட்டித் தகட்டை இழுப்பதுபோல் கையை அசைத்து, இரண்டு விரலைக் கொஞ்சம் விரித்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. அவருடைய விரல் இடைவெளியைவிடக் குறைவாகத் தன் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு அவளே, அண்ணன் பார்த்த அதே இடத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லித் தலை குனிந்தாள். "அந்த இடம் சரியா வரலைன்னு வருத்தப்படுறா" என்றான் மச்சான்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அவள் பார்த்தாள், தன் கையையும் விரித்தாள். விரல் நுனிகள் சிவந்து வழவழவென்று இருந்தன. கடைசி மூன்று வாரம் தேய்ப்பு மட்டும்தான் வேலையாம். "இந்தப் பொண்ணு ஏர்போர்ட்டுல போய் விரல் வச்சா இதுக்கும் விழாது தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு பார்த்த லட்சக்கணக்கான குதிரைசக்தியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். மறுநாள் காலை ஒரு ஹார்டுவேர் கடையில் அண்ணன் பெயிண்டிங்குக்கான மாஸ்கிங் டேப் பத்து உருளை வாங்கினார். ஜப்பான் கைக்காகிதத்தின் பாணியில் செய்த டேப் அது. மெல்லியதாக இருக்கிறது, வளைவில் சுருங்காமல் திரும்புகிறது, உரித்தால் பசை மிஞ்சுவதில்லை. வேறு எதுவும் அவர் வாங்கவில்லை.

ஞாயிறு மாலை டைகோகு பார்க்கிங் ஏரியாவுக்குப் போனோம். யோகோஹாமா துறைமுகத்தில், எக்ஸ்பிரஸ்வே சாலைகள் சுருள் சுருளாக இறங்குகிற வட்டத்தின் நடுவே இருக்கிறது. ரயிலில் போக முடியாது, நடந்தும் போக முடியாது, எக்ஸ்பிரஸ்வேயில் காரில் வந்தால்தான் உண்டு. மச்சானுடைய கார் ஹோண்டா என்-பாக்ஸ், 660 சிசி, மஞ்சள் நம்பர் பிளேட். அதில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போய் இறங்கினோம். கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதி அங்கேதான் இருந்தது.

வரிசையின் கடைசியில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு டொயோட்டா ஸ்ப்ரின்டர் ட்ரூயெனோ, ஏஇ86. நாலு ஃபெண்டரும் அகலப்படுத்தியது. என் கண் நம்பர் பிளேட்டுக்குப் போனது. மேல்வரிசையில் இருக்கும் வகை எண் 3-ல் ஆரம்பித்தது. மச்சான் சொல்லிக்கொடுத்திருந்தான்: 2,000 சிசிக்குள், 1.7 மீட்டர் அகலத்துக்குள் இருக்கும் சிறிய கார் என்றால் 5, அதைத் தாண்டினால் 3. இந்தக் காரில் வெறும் 1,600 சிசி எஞ்சின். கம்பெனியிலிருந்து வரும்போது அகலம் 162 சென்டிமீட்டர்தான். அப்படியானால் அந்த 3 எங்கிருந்து வந்தது?

கேட்டோம். கார்க்காரருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஃபெண்டரைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அங்கே புது காருக்கு மூன்று வருடத்திலும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் 'ஷாகென்' என்ற சோதனை நடக்கும். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக்கூடாது, அடிப்பாகம் தரையிலிருந்து 9 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், சத்தத்துக்கும் அளவுண்டு. அகலம் மொத்தமாக 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடினால் காரைக் கொண்டுபோய் அளந்து, புது அளவை ஆவணத்தில் ஏற்ற வேண்டும். இவர் அப்படியே செய்திருக்கிறார், அதனால் பிளேட்டே மாறிவிட்டது. சான்றிதழை எடுத்துவந்து அகலம் என்று போட்டிருந்த கட்டத்தைக் காட்டினார். 172.

எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. பட்டறையில் நாங்கள் செய்யும் மாற்ற வேலைகளைப் பாதி நாள் மறைத்துத்தான் செய்கிறோம். இவர் தன் ஃபெண்டரின் அளவை ஊரறிய எழுதி, நம்பர் பிளேட்டில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார். பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் தகடு, அதற்கு ஒரு அரசாங்கத் தாள்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். எங்கே போனாலும் அது அவரிடம் இருக்கும். அனுமதி கேட்பதுபோல் கார்க்காரரைப் பார்த்தார். அவர் மறுமுனையை வாங்கிக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். இரண்டு பேரும் பின் ஃபெண்டரின் விளிம்புக்கு நேராக டேப்பை இழுத்துப் பிடிக்க, நான் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன். 172-ல் நின்றது.

அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பார்க்கிங் ஏரியாவை மூடப்போகிறார்கள், எல்லோரும் கிளம்ப வேண்டும். இங்கே இது அடிக்கடி நடப்பதுதானாம், யாரும் முணுமுணுக்கவில்லை. நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. கார்க்காரர் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

பே பிரிட்ஜில் ஏறும்போது அவருடைய கார் பக்கத்து லேனில் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அந்தப் பின் ஃபெண்டரின் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு போயின. அண்ணன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"நெளியல தம்பி" என்றார்.