எண்ணிக்கை

ஜூன் 2, 2024, ஞாயிறு
தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய், மயஸ்தீனியா கிராவிஸ். மூச்சுத் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே மூச்சில் எண்ணுகிறேன்: காலை 34. மாலை 22.

ஜூன் 4, செவ்வாய்
எல்லோரும் டிவி முன்னால், வாக்கு எண்ணிக்கை. நானும் அடுக்களையில் நின்று ஒரே மூச்சில் எண்ணினேன். 26.
அத்தை முறுக்கு கொடுத்தார். இரண்டு கடியில் தாடை ஓய்ந்துவிட்டது. மிச்சத்தைப் பாப்பாவிடம் தள்ளிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்
சர்ஜனைப் பார்த்தாயிற்று. ஸ்கேனில் கட்டி இல்லை, நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பிதான் வீங்கியிருக்கிறது. பக்கவாட்டில் துளை போட்டே எடுத்துவிடலாமாம், நெஞ்செலும்பை அறுக்க வேண்டாம். "வயசானா எப்படியும் கொழுப்பா மாறிடுறதுதானேம்மா" என்றார். தேதி பிறகு சொல்வார்கள்.
பத்தாம் வகுப்புக்கு எத்தனை வருஷம் தைமஸை ஒரே பத்தியில் நடத்திவிட்டு அட்ரினலுக்குத் தாவியிருக்கிறேன்!

ஜூன் 7, வெள்ளி
அம்மா போன். "சுத்திப் போட்டியாடி?" போட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஜூன் 8, சனி
இரவு இரண்டு மணி. ஸ்டீராய்டு தூங்க விடாது, பசியை மட்டும் கிளப்பும்.
1961 வரைக்கும் இந்தச் சுரப்பி எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை. செத்த செல்கள் கிடக்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தார்கள். லண்டனில் ஜாக் மில்லர், எலிகளின் ரத்தப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர், பிறந்த குட்டிகளுக்கு இதை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் குட்டிகள் தொற்று வந்து மெலிந்து செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டன. நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் டி செல்லில் இருக்கும் 'டி' தைமஸின் டி.
மஜ்ஜையிலிருந்து வரும் செல்களை இது சலிக்கிறது. சொந்த உடம்பையே கடிக்கக்கூடியவற்றை அங்கேயே சாகவிடுகிறது. கணையத்தில் உருவாகும் இன்சுலினைக்கூட மாதிரிக்கு இங்கே கொஞ்சம் செய்து காட்டிச் சோதிக்கிறது. நூற்றில் ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. இப்படி ஒரு பள்ளிக்கூடம் நம் ஊரில் இருந்தால் கலெக்டரிடம் மனு போயிருக்கும்.
அத்தனை சலித்தும் என்னுடையது கோட்டை விட்டிருக்கிறது. என் தசைகளுக்கு எதிரான ஆன்டிபாடி அதற்குள்ளேயே தயாராகிறதாம். எடுத்தால் நல்லதுதான். 2016-ல் வந்த ஆய்வில் 126 நோயாளிகள், மூன்று வருஷம். எடுத்துக்கொண்டவர்களுக்குப் பலம் கூடியது, ஸ்டீராய்டும் குறைந்தது. சரி, இதோடு மூடி வைத்திருக்கலாம். 2023-ல் வந்த பாஸ்டன் ஆய்வை எதற்குப் படித்தேன்? தைமஸை எடுத்த பெரியவர்களில் ஐந்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம். நெஞ்சில் வேறு அறுவை செய்து, தைமஸை விட்டுவைத்தவர்களில் 2.8. புற்றுநோயும் இரண்டு மடங்கு. என் நோய்க்காரர்களை மட்டும் வைத்துச் செய்தது அல்ல, தெரியும். மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெறும் கொழுப்பு என்றால், அது போனால் ஏன் இவ்வளவு வித்தியாசம்? சர்ஜனிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை. அன்று மாலை வாயே வரவில்லை, மூக்கால்தான் பேசினேன்.

ஜூன் 10, திங்கள்
பள்ளி திறந்துவிட்டது. பத்து 'பி' யாருக்குப் போனதோ.

ஜூன் 11, செவ்வாய்
18. தும்மல் வேறு. மருந்துக்கடைக்காரர் யோசிக்காமல் அசித்ரோமைசினை எடுத்து நீட்டினார். பர்ஸிலிருந்த சீட்டைக் காட்டினேன், என் நோய்க்கு ஆகாத மருந்துகளின் பட்டியல். சாய்ந்த இமையையும் சேர்த்துப் பார்த்திருப்பார்.

ஜூன் 13, வியாழன்
ஃபைலில் பாப்பாவின் பழைய எக்ஸ்ரே கிடைத்தது, எட்டு மாதத்தில் சளிக்கு எடுத்தது. இதயத்துக்கு மேலே பாய்மரம் மாதிரி ஒரு நிழல். அன்றைக்குப் பதறினேன். "தைமஸ்மா, குழந்தைக்கு இப்படித்தான் பெருசா இருக்கும்" என்றார் டாக்டர்.
1920களில், 30களில் அமெரிக்காவில் இதே நிழலைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளின் நெஞ்சுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அறுத்துப் பார்த்துப் பழகியதெல்லாம் நோயில் கிடந்து, வறுமையில் செத்தவர்களின் உடம்பை. அவற்றில் தைமஸ் சுருங்கிப்போயிருக்கும். அதுதான் சரியான அளவு என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னால் தைராய்டு புற்றுநோய் வந்தது.
பாப்பா தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இதயம் மட்டும்தான் கைக்குத் தெரிகிறது.

ஜூன் 14, வெள்ளி
நான்கு மணி மாத்திரைக்கு 3.20-க்கே இமை விழுந்துவிட்டது.

ஜூன் 15, சனி
போன் வந்தது. புதன்கிழமை சேர வேண்டும். முதலில் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின், பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, ஏற்றுவார்கள், அப்புறம்தான் அறுவை. இவர் லீவு போட்டுவிட்டார்.

ஜூன் 18, செவ்வாய்
பை கட்டியாயிற்று. பாப்பா தானும் எண்ணுவேன் என்று வந்து நின்றாள். ஒரே மூச்சில் பதினொன்று வரை. அதற்கு மேல் அவளுக்கு எண் தெரியாது.
எனக்கு 19.